சாக்பீஸ் எடுக்கக் குனிந்தேன், குறுக்குப் பிடித்துக்கொண்டது

குறுக்கு வலிக்கு எங்கள் பக்கம் வைத்தியம் சொல்லத் தெரியாத ஆளே கிடையாது. நான் கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் போதும், உளுந்தங்களி கிண்டிச் சாப்பிடச் சொல்வார் ஒருவர், நொச்சி இலை ஒத்தடம் என்பார் இன்னொருவர். "வாய்வுதான் டீச்சர், பூண்டைச் சுட்டுத் தின்னுங்க" என்பார் வாட்ச்மேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா கால் மாறிப் பிறந்தவர். அவர் மூன்று மிதி மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. மிதிக்கு மட்டும் நான் உடன்படவில்லை. மற்றதெல்லாம் நடந்தது. உளுந்தங்களி ருசியாக இருந்தது, வலி அதன் பாட்டுக்கு இருந்தது.

வலியைவிட அது வந்த விதம்தான் எனக்குப் புரியவில்லை. முந்தைய வாரம்தான் கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படி வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருந்தேன். 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ பக்கம் வரும். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கையிலிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்தது. பேசிக்கொண்டே, பாதி திரும்பியபடி, ஒற்றைக் கையால் எடுக்கக் குனிந்தேன். சுருக்கென்று இடது பக்கம் ஒரு பிடி. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பிள்ளைகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூட்டி வந்தார்கள். முப்பது கிலோவுக்குப் பேசாமல் இருந்த இடுப்பு, பத்து கிராம் சாக்பீஸுக்கு ஏன் இப்படிச் செய்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் எனக்கு வழி கிடைத்தது.

ஆனால் உடனே கிடைக்கவில்லை. முதலில் எம்ஆர்ஐ எடுத்தோம். கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளான எல்4, எல்5 நடுவில் டிஸ்க், அதாவது ஜவ்வு, பிதுங்கியிருக்கிறது, அதற்குக் கீழே தேய்மானம் என்று ரிப்போர்ட் வந்தது. "ஜவ்வு விலகிருச்சாம்" என்று சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பார்த்த டாக்டர் பெல்ட் எழுதிக் கொடுத்து, இனிமேல் குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று பட்டியல் போட்டார். குனியாமல் ஒரு வீட்டை எப்படி நடத்துவது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. துடைப்பம், பாத்திரம், குடம், கோலம், கீழே கிடக்கிற துணி எல்லாம் எங்கள் வீட்டில் தரைமட்டத்தில்தான் இருக்கின்றன. கேட்கவில்லை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து படுத்துவிட்டேன்.

படுத்தது சரியா என்று பிறகு வாசித்துப் பார்த்தேன். 1986இலேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு வாரம் படுக்கச் சொன்னவர்களைவிட, இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொன்னவர்கள் குறைந்த நாட்களே வேலையை இழந்தார்கள். வலி தீர்ந்த விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 1995இல் ஹெல்சிங்கியில் நடந்த இன்னொரு ஆய்வில், படுக்காமல் முடிந்த அளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். இவ்வளவு பழைய செய்தி, இன்னமும் நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

எனக்கு வழிகாட்டியது என் தம்பி வயதுள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட். போனதும் அவர் ஸ்கேன் படத்தைத் தொடவில்லை, கேள்வியாகக் கேட்டார். சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, இல்லை வரவே மாட்டேன் என்கிறதா? மலம் தெரியாமல் போகிறதா? உட்காரும் இடத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் மரத்துப் போயிருக்கிறதா? நடக்கும்போது பாதம் மடங்கித் தரையில் இழுக்கிறதா? காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய், வீட்டில் யாருக்காவது டிபி, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, கீழே விழுந்தது ஏதாவது உண்டா? இதில் முதல் நான்கில் ஒன்று இருந்தாலும் உடற்பயிற்சிப் பேச்சுக்கே இடமில்லை, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். மற்றவை இருந்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு எதுவும் இல்லை. இதை வாசிப்பவர்களும் முதலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு மேலே போகவும்.

அப்புறம்தான் ஸ்கேனைப் பார்த்தார். "டீச்சர், உங்க வயசுல குறுக்கு வலியே இல்லாதவங்களைக் கூட்டிட்டு வந்து ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இப்படித்தான் எழுதி வரும்" என்றார். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். நாற்பதில் இவை 68, 50 சதவீதம் ஆகின்றன. எண்பதில் தேய்மானம் 96 சதவீதம். நரை மாதிரி, வயதோடு வருவது. அதற்காக ஸ்கேனே வீண் என்று சொல்ல வரவில்லை. நரம்பு நசுங்கிக் கால் பலம் குறைகிறவர்களுக்கு அது மிகவும் அவசியம். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் என் வலிக்குக் காரணம் இல்லை என்று தெரிந்ததும் பாதி பயம் விட்டது.

சாக்பீஸ் கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், அதைப் பிடித்துக்கொண்டு நான் வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, இடையில் டிஸ்குகள், சுற்றிலும் எலும்பை எலும்போடு கட்டும் தசைநார்கள். இந்த அமைப்பைத் தசை எதுவும் இல்லாமல் தனியாக எடுத்து மேலிருந்து அழுத்தினால் எவ்வளவு தாங்கும்? இறந்தவர்களின் முதுகெலும்பை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சுமார் 90 நியூட்டனில் அது ஒரு பக்கமாக மடங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஒன்பது கிலோ. நம் தலை, கை, மார்பு எல்லாம் சேர்ந்தால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். ஆக, நம்மை நிமிர்ந்து நிற்க வைப்பது எலும்பு இல்லை, எலும்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் அளவாக இழுத்துப் பிடித்திருக்கிற தசைகள். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. எலும்புதான் ஸ்ட்ராங் என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த மனோகர் பஞ்சாபி 1992இல் இதை மூன்று பாகமாகப் பிரித்து எழுதினார். எலும்பு, டிஸ்க், தசைநார் ஒரு பாகம். தசைகள் ஒரு பாகம். எந்தத் தசை, எப்போது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற நரம்பு மண்டலம் மூன்றாவது. முதல் பாகத்தில் கொஞ்சம் பழுது இருந்தாலும் மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடும். நம்முடைய வைத்தியப் பேச்சு முழுக்க முதல் பாகத்திலேயே நின்றுவிடுகிறது. ஜவ்வு, தேய்மானம், விலகல். ஜிம்முக்குப் போகிறவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் சாக்பீஸ் விவகாரம் அதில்தான் இருந்தது.

சிலிண்டரை நகர்த்தும்போது அது கனம் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். மூச்சைப் பிடிக்கிறோம், வயிறு இறுகுகிறது, கால் அகலமாகிறது. சாக்பீஸுக்கு அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. தசைகள் தளர்ந்திருக்கும்போது, திரும்பியபடி குனியும் அந்த ஒரு கணத்தில், ஒரு மூட்டு தன் பங்குக்கு மேல் அசைந்துவிட்டால் பிடிக்க ஆள் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர், பளு தூக்கும் வீரர்களின் முதுகை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவருக்கு இப்படி நடந்ததைக் கண்டார்கள். மற்ற மூட்டுகள் எல்லாம் எல்லைக்குள் இருக்க, ஒரே ஒரு மூட்டு ஒரு கணம் எல்லை தாண்டி வளைந்தது, அவருக்கு வலி வந்தது. என் இடுப்பை அன்று யாரும் படம் பிடிக்கவில்லைதான். ஆனாலும் இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஒருவரைக் கையைச் சட்டென்று தூக்கச் சொல்கிறார்கள். வலி இல்லாதவர்களுக்குத் தோள் தசை வேலை செய்வதற்கு முன்பே, அடிவயிற்றைச் சுற்றிப் பட்டைபோல் ஓடும் டிரான்ஸ்வெர்சஸ் என்ற உள்தசை இறுகிவிடுகிறது. முதுகு வலிக்காரர்களுக்கு அது தாமதமாகிறது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்ன தாமதம்தான். அதே காலத்தில் ஜூலி ஹைட்ஸ், முள்ளெலும்போடு ஒட்டியிருக்கும் மல்டிஃபிடஸ் என்ற சிறு தசையை அல்ட்ராசவுண்டில் பார்த்தார். முதல்முறை வலி வந்தவர்களுக்கு, வலித்த பக்கம் மட்டும் அது சுருங்கியிருந்தது. சில வாரங்களில் வலி போன பிறகும், பயிற்சி செய்யாதவர்களுக்கு அது பழைய அளவுக்கு வரவில்லை. வலி போனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அதனால்தான் பலருக்கு மறுபடி மறுபடி வருகிறது என்று ஒரு தரப்பு சொன்னது. இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பயிற்சி என்றதும் பள்ளி டிரில்லில் வரும் சிட்-அப் போல ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதைத்தான் முதலில் வேண்டாம் என்றார். படுத்த நிலையிலிருந்து முழுதாக எழும் சிட்-அப் ஒவ்வொன்றிலும் முதுகெலும்பு மேல் விழும் அழுத்தம் 3,000 நியூட்டனைத் தாண்டும் என்று மெக்கில் அளந்திருக்கிறார். ஏற்கெனவே பிடித்திருக்கிற இடுப்புக்கு அது எதற்கு?

அவர் ஆரம்பித்தது ஒட்டடைக் கம்பில். கம்பை முதுகோடு நீளவாக்கில் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்மண்டை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு, இந்த மூன்று இடமும் கம்பைத் தொட வேண்டும். இப்போது முழங்காலை லேசாக மடக்கி, பின்னால் இருக்கிற கதவை உட்காரும் பாகத்தால் தள்ளிச் சாத்துவதாக நினைத்துக் குனிய வேண்டும். மூன்று தொடுகையில் ஒன்று விட்டாலும், இடுப்புச் சந்தில் மடங்காமல் முதுகில் மடங்குகிறோம் என்று அர்த்தம். முதல் தடவை எனக்குப் பாதி குனிவதற்குள் வால் எலும்பு கம்பை விட்டுவிட்டது. இத்தனை வருஷமாக நான் குனிந்ததெல்லாம் முதுகை வளைத்துத்தான், தொடை மூட்டுக்கு வேலையே கொடுத்ததில்லை. எனக்கு மிகவும் பலன் கொடுத்த பயிற்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காசில்லை, எடையில்லை. சேலையில் செய்ய வராது என்பது மட்டும்தான் சிரமம், சுடிதாரோ நைட்டியோ போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வயிற்றை இறுக்குவது. உள்ளே இழுப்பது இல்லை. யாராவது விளையாட்டாக வயிற்றில் குத்த வந்தால் தானாக ஓர் இறுக்கம் வருமே, அதில் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் இரண்டு பங்கு. இடுப்பின் இரண்டு பக்கமும் விரலை அழுத்தி வைத்தால் உள்ளிருந்து விரலை வெளியே தள்ளுவது தெரியும். அப்படித் தள்ளிக்கொண்டே சாதாரணமாக மூச்சுவிட வேண்டும், பேச வேண்டும். "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க டீச்சர்" என்பார். மூச்சைப் பிடித்தால் வாய்ப்பாடு நின்றுவிடும், மாட்டிக்கொள்வேன்.

இது வந்த பிறகு மெக்கில் பிரபலப்படுத்திய மூன்று பயிற்சிகள். ஒன்று, மல்லாந்து படுத்து, ஒரு கால் மடக்கி ஒரு கால் நீட்டி, இடுப்புக்குக் கீழே இருக்கும் இயல்பான வளைவு கெடாமல் இரண்டு கையையும் அங்கே கொடுத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சும்மா விரல் கனம் தூக்குவது. இரண்டு, சைடு பிரிட்ஜ், அதாவது ஒருக்களித்துப் படுத்து முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. முழங்காலில் எளிதானால் பாதத்தை ஊன்றலாம். மூன்றாவது பேர்ட் டாக் என்பது. கை, முழங்கால் நான்கையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்ற வேண்டும். எதையும் பத்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டியதில்லை. இறக்கி, மறுபடி தூக்கலாம். அதிகமாகப் பிடித்துத் தசையைச் சோர்வாக்குவது நோக்கம் இல்லை. எண்ணிக்கையும் ஏறக் கூடாது, இறங்க வேண்டும். முதல் சுற்றில் ஆறு, அடுத்து நான்கு, கடைசியில் இரண்டு.

பேர்ட் டாக் பார்க்க எளிது. இடுப்புக்கு மேலே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் செய்யச் சொன்னார். காலை நீட்டிய உடனே இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் என் முதுகிலும் ஜமக்காளத்திலும் கொட்டியது. மகனுக்கு ஒரே சிரிப்பு. அவனைச் செய்யச் சொன்னேன், அவனும் கொட்டினான். டம்ளர் அசையாமல் கால் நீள ஆரம்பித்தது சில வாரம் கழித்து. அதற்குள் தசை ஒன்றும் பெரிதாக வளர்ந்திருக்காது. எதை எப்போது பிடிப்பது என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பாய் மேல் செய்வது பதினைந்து நிமிஷம், மீதி நாள் முழுக்க வீடும் பள்ளியும் இருக்கிறதே. அங்கே மாற்றியவைதான் வலியை உண்மையில் குறைத்தன என்பது என் கணிப்பு.

கோலம் முதலாவது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்குகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ராத்திரி இருந்ததைவிட ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் அதன் மேல் விழும் இழுவிசை பல மடங்கு. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் அந்த நீரில் பெரும்பங்கு வெளியேறிவிடுகிறது. விடியற்காலையில் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததாக அமெரிக்காவில் ஸ்னூக் என்பவர் 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். நாமோ எழுந்ததும் முதல் வேலையாக, காலை மடக்காமல் இடுப்பை இரண்டாக மடித்துக் கோலம் போடுகிறோம். வாசல் தெளிக்கிற வேலையை மகனிடம் விட்டு, காபி, சமையல் என்று நின்றபடி செய்கிற வேலைகளை முதலில் முடித்து, கோலத்தைக் கடைசிக்குத் தள்ளினேன். "வெயில் ஏறினப்புறம் யாருக்குக் கோலம்?" என்றார் அத்தை. ஆறரை மணிக்கே வெயிலா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பெரிய கோலத்துக்கு ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து போட்டுவிட்டு நகர்வேன். மார்கழியில் மட்டும் அத்தையும் நானும் ஆளுக்குப் பாதி.

தண்ணீர்க் குடம் ஒன்று பதினைந்து லிட்டர், அதாவது பதினைந்து கிலோ, எப்போதும் இடது இடுப்பில். கொஞ்ச நாள் இரண்டு கையிலும் அரை அரை வாளியாகக் கொண்டுவந்தேன். தேறிய பிறகு அரைக்குடத்தை மாற்றி மாற்றி இரண்டு இடுப்பிலும் வைத்தேன். ஒற்றைப் பக்கம் சுமந்து நிமிர்ந்து நடப்பதே பக்கவாட்டுத் தசைக்கு நல்ல பயிற்சி என்று பிசியோ தம்பி சொன்னபோது, எங்கள் பாட்டிகளுக்கு சைடு பிரிட்ஜ் தேவைப்படாதது ஏன் என்று புரிந்தது.

விடைத்தாள் திருத்தத் தரையில் சம்மணம் போட்டால் கீழ்முதுகு உருண்டுவிடுகிறது. கட்டை மணையின் மேல் ஒரு தலையணை போட்டு அதன் நுனியில் உட்கார்ந்தால் தொடை கீழே சரிந்து முதுகு தானாக நிமிர்கிறது. ஆனாலும் இருபது தாளுக்கு ஒருமுறை எழுந்துவிடுவேன். சரியான உட்காரும் முறை என்று ஒன்றே கிடையாது, அடுத்த முறைக்கு மாறுவதுதான் முக்கியம். ஸ்கூட்டியை சென்டர் ஸ்டாண்டில் இழுத்துப் போடுவதை நிறுத்தினேன், சைடு ஸ்டாண்டே போதும். தும்மல் வந்தால் சுவரிலோ மேசையிலோ கையை ஊன்றி, வயிற்றை லேசாக இறுக்கிக்கொண்டு தும்ம வேண்டும். வலி கடுமையான நாட்களில் குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை பெரிய சோதனை. மருந்துக் கடைகளில் கிடைக்கும் கம்மோடு நாற்காலியை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு வலியோடு இருந்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியும்.

சில மாதம் நன்றாகப் போனது. அப்புறம் வேறு மாதிரி வலி வந்தது. பிடிப்பு இல்லை, நாள் முழுக்க ஒரு கனம், சாயங்காலத்துக்குள் முதுகு மரப்பலகை ஆகிவிடும். பிசியோவிடம் போனேன். ஒரு பேனாவைக் கீழே போட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தேன், கம்பு வைத்த மாதிரி, வயிற்றை இறுக்கி, காலை அகட்டி. அவர் சிரித்தார். "பேனாவுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு? சும்மா குனிஞ்சு எடுங்க."

நான் சொன்ன திருப்பம் இதுதான். தசையைக் கட்டுப்படுத்துவது என்றால் இறுக்கத் தெரிவது மட்டும் இல்லை, விடத் தெரிவதும்தான். நாள்பட்ட வலிக்காரர்கள் பலருக்குச் சிக்கலே, வெளித்தசைகள் எந்நேரமும் காவலுக்கு நின்று ஓய்வே எடுக்காமல் இருப்பது. ஆழ்தசைகளைக் குறிவைத்துப் பழக்கும் பயிற்சிகளைப் பற்றி 29 ஆய்வுகளைத் திரட்டி 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று வந்தது. பெரிதாக ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அவை நல்லது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிடச் சொல்லிக்கொள்ளும்படி மேல் இல்லை என்பது அதன் முடிவு. 2010இலேயே லண்டனைச் சேர்ந்த ஐயல் லெடர்மன் நடு உடம்பின் தசைகளைப் பலப்படுத்தினால் முதுகு வலி தீரும் என்ற இந்த 'கோர்' நம்பிக்கையைக் கடுமையாகக் கேள்வி கேட்டிருந்தார். அப்படியானால் டம்ளரும் ஒட்டடைக் கம்பும் வீணா? எனக்கு வீணில்லை. குனியவே பயந்தவளுக்கு, இப்படிக் குனிந்தால் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குக் காட்டிக்கொடுத்தவை அவை. ஆனால் குனிய வந்த பிறகும் ஒவ்வொரு அசைவையும் காவல் காத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கனமான பொருளுக்குக் கம்பு வைத்த குனிவு. பேனாவுக்கு எப்படி வேண்டுமானாலும் குனியலாம், முதுகு வளையத்தான் இருக்கிறது. பெல்ட்டையும் அப்போதே பரணில் போட்டாயிற்று.

அவர் புதிதாகச் சேர்த்தது நடை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்திருந்தது. முதுகு வலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரில் ஒரு பிரிவினருக்குப் படிப்படியாக, வாரம் ஐந்து நாள் அரை மணி நேர நடை வரை கொண்டுபோகும் திட்டத்தைக் கொடுத்து, வலியைப் பற்றி விளக்கமும் சொன்னார்கள். நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் நடக்கிறேன். கையை நன்றாக வீசி, கொஞ்சம் வேகமாக. கடை வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனால்தான் எனக்குக் கனக்கிறது.

வலி திரும்பவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசுத் தேர்வு சமயத்தில் பேப்பர் கட்டுகளோடு அலைந்து, தூக்கம் கெட்டு, பிடித்துக்கொண்டது. இந்த முறை ஸ்கேனுக்கு ஓடவில்லை. கால் மரத்துப் போகிறதா, பாதம் தூக்க வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். மல்லாந்து படுத்துக் காலை நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிஷம் இருந்தால் தளர்கிறது, அப்படி இருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடப்பேன், மறுபடி படுப்பேன். உப்பு ஒத்தடம் சுகமாக இருக்கிறது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனேன், ஒரு வாரத்துக்குக் குடம் மட்டும் மகன் பொறுப்பு. பயிற்சியை அரை அளவில் மறுபடி தொடங்கினேன். வலி கூடிக்கொண்டே போயிருந்தாலோ, முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ டாக்டரிடம் போயிருப்பேன்.

கடைசியாக மெத்தை. இதைக் கேட்காத சக ஆசிரியைகளே இல்லை. வெறும் தரையில் படு, பலகையில் படு என்றுதான் எனக்கும் எல்லாரும் சொன்னார்கள். ஸ்பெயினில் 313 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. நாள்பட்ட வலிக்காரர்களுக்குக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தைதான் நல்ல பலன் தந்தது. ஆயிரக்கணக்கில் கொட்டி ஆர்த்தோ மெத்தை வாங்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். நான் படுப்பது கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில். வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சைக் கடைந்து அடைத்துக்கொள்கிறேன், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன்.